மோட்டார் வண்டிக்குச் சிரிப்பூட்டும் வாயு

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து பண்ணைத் தாம்போதி வழியாகப் புறப்படும் மோட்டார் வண்டி, இருபுறமும் ஆழமற்ற கடல் பரந்து கிடக்க, அல்லைப்பிட்டி, வேலணை என்னும் ஊர்களைக் கடந்து ஊர்காவற்றுறையை அடைகின்றது. வேலணைப் பக்கத்திலிருந்து பிரியும் மற்றொரு தாம்போதி புங்குடுதீவுக்குச் செல்கின்றது. அத்தீவின் மேற்கிலுள்ள குறிகட்டுவான் இறங்குதுறையோடு வீதி முடிவடைந்துவிடுகின்றது. அதற்கப்பால் நயினாதீவுக்கும் நெடுந்தீவுக்கும் படகே துணை.

இத்தகைய வீதியில் ஓடும் வண்டி ஒன்றிற்கு நைதரசு ஒட்சைட்டு என்னும் வாயுவைப் பூட்டலாமா என்று ஒருவர் கேட்பாராயின், கேட்போருக்கு முதலில் வியப்பே தோன்றும். ஆயினும் கேள்வி வீணானதன்று. 2001 ஆம் ஆண்டில் வெளிவந்த 'ஃபாஸ்ட் அண்ட் ஃபியூரியஸ்' என்னும் ஆங்கிலத் திரைப்படம், ஒரு பொத்தானை அழுத்தியதும் வண்டி அம்புபோற் பாயும் காட்சியை உலகமெங்கும் உள்ள இளைஞர் மனத்திற் பதித்துவிட்டது. தீவுப்பகுதியிற் பிறந்து ரொறன்ரோவிலும் இலண்டனிலும் வாழ்வோரின் பிள்ளைகள் அவ்வாயுவைப்பற்றி நன்கறிவர். அவர்கள் விடுமுறைக்கு ஊர்வரும்போது அப்பேச்சும் உடன் வந்துவிடுகின்றது. கேள்வி எழுந்த பின்னர் "கூடாது" என்று ஒரே சொல்லில் அடக்குவது பயன் தராது. வாயு யாது, அது இயந்திரத்துள் என்ன செய்கின்றது என்பவற்றை அறிந்து முடிவு செய்வதே முறை.

இவ்வாயுவை முதன்முதலிற் பிரித்தெடுத்தவர் யோசேப் பிரீஸ்ட்லி என்னும் ஆங்கிலேய அறிஞர். அது 1772 ஆம் ஆண்டு. 1799 ஆம் ஆண்டில் பிரிஸ்டல் நகரிலே ஹம்ப்றி டேவி என்னும் இளைஞர் அதனைத் தாமே சுவாசித்துப் பார்த்து, அது நகைப்பையும் மயக்கத்தையும் உண்டாக்குவதைக் கண்டார். சிரிப்பூட்டும் வாயு என்னும் பெயர் அவ்வாறு வந்ததே. நோவை மாற்றும் அதன் தன்மை சத்திரசிகிச்சைக்கு உதவக்கூடும் என்று அவர் அடுத்த ஆண்டிலேயே எழுதினார். எனினும் 1844 ஆம் ஆண்டில் அமெரிக்கப் பல்வைத்தியர் ஹொறேஸ் வெல்ஸ் அதனைப் பயன்படுத்தும் வரை அக்குறிப்பை எவரும் பொருட்படுத்தவில்லை. அறிவு நூலிலே கிடந்தும் நாற்பத்துநான்கு ஆண்டுகள் பல்நோவாளர் துடித்தனர் என்பது விஞ்ஞான வரலாற்றிலே நினைந்து வருந்தத்தக்கதொன்று.

பல்வைத்தியரின் வாயு மோட்டார் இயந்திரத்துக்கு வந்த வழி ஆகாய வழியாகும். இரண்டாம் உலகப் போரின்போது செர்மானியர் தம் போர் விமானங்கள் சிலவற்றில் இவ்வாயுவைப் பயன்படுத்தினர். மிக உயரத்திற் காற்று மெலிந்திருக்கும். மெலிந்த காற்றில் ஒட்சிசன் குறைவு. ஒட்சிசன் குறைந்தால் எவ்வளவு பெற்றோலை ஊட்டினும் அது எரியாது. அக்குறையை நிரப்பவே நைதரசு ஒட்சைட்டு போத்தலில் அடைபட்டு மேலே சென்றது. நெடுந்தீவிலோ காற்றுக்குப் பஞ்சமில்லை. சோளகக் காலத்திற் பனைகளை வளைக்கும் அளவுக்கு அது தாராளமாகவே வீசுகின்றது.

இயந்திரத்தின் வலிமை பெற்றோலில் இருக்கின்றது என்றே பலரும் எண்ணுகின்றனர். உண்மையில் அதனை அளப்பது காற்று. ஓர் இறாத்தல் பெற்றோல் முற்றாக எரிவதற்கு ஏறக்குறைய 14.7 இறாத்தல் காற்று வேண்டும். சிலிண்டருக்குள் ஒருமுறை புகும் காற்றின் அளவு அதன் கொள்ளளவினால் வரையறுக்கப்பட்டது. அதற்குமேற் பெற்றோலை ஊற்றினாற் கரும்புகைதான் மிஞ்சும். காற்றிலே எடைப்படி நூற்றுக்கு 23 பங்கே ஒட்சிசன். நைதரசு ஒட்சைட்டிலோ நூற்றுக்கு 36 பங்கு. இவ்வாயு தானாகத் தீப்பற்றி எரிவதன்று. சிலிண்டரின் கொடுவெப்பத்தில் அது நைதரசனாகவும் ஒட்சிசனாகவும் பிரிந்து, அப்பிரிவின்போது சிறிது வெப்பத்தையும் வெளியிடுகின்றது. விடுபட்ட ஒட்சிசன் மேலதிகப் பெற்றோலை எரிக்கின்றது. திரவமாக அடைபட்டிருந்த வாயு வெளிவரும்போது பூச்சியத்துக்குக் கீழே 88 பாகை சென்ரிகிரேட் வரை குளிர்வதால், உட்புகும் காற்றும் சுருங்கி அடர்த்தி பெறுகின்றது. வலிமை கூடுவதன் இரகசியம் இவ்வளவே.

எனவே வாயுவை மட்டும் ஊட்டினாற் போதாது. அதற்கு ஈடான பெற்றோலும் அதே கணத்திற் சேர வேண்டும். ஓர் இறாத்தல் பெற்றோலுக்கு ஏறக்குறைய ஒன்பதரை இறாத்தல் நைதரசு ஒட்சைட்டு என்பது கணக்கு. பெற்றோற் குழாயில் ஒரு தூசு அடைத்து அந்த ஈடு குறைந்துவிட்டால், மிஞ்சிய ஒட்சிசன் அடுப்பூதும் துருத்திபோல வெப்பத்தை ஏற்றும். அலுமினியத்தாலான பிஸ்டனின் தலை சில வினாடிகளில் உருகித் துளைபட்டுவிடும். இவ்வேலையில் இயந்திரங்கள் அழிவதற்கு முதற் காரணம் இதுவே. இரண்டாவது காரணம் 'தட்டுதல்' என்று மெக்கானிக்மார் கூறும் நோய். பிளக்கிலிருந்து எழும் சுடர் ஒழுங்காகப் பரவி முடிவதற்கு முன்னரே, எஞ்சிய கலவை வெப்பமும் அழுக்கமும் தாங்காது தானாகவே வெடித்துவிடுகின்றது. சுத்தியலால் அடிப்பது போன்ற அந்த ஓசை கேட்கத் தொடங்கினால் பிஸ்டனுக்கும் அதன் வளையங்களுக்கும் ஆயுள் குறைந்துவிட்டதென்று கொள்ளலாம்.

அந்த ஓசையை யாழ்ப்பாணத்தார் அறியாதவரல்லர். 1990 ஆம் ஆண்டில் போர் மீண்டும் மூண்டபோது வேலணை, மண்டைதீவு முதலிய தீவுகளிலிருந்து பெருந்தொகையான மக்கள் குடாநாட்டுக்குள் இடம்பெயர்ந்தனர். அதேகாலத்தில் விதிக்கப்பட்ட பொருளாதாரத் தடையினாற் பெற்றோல் கிடைத்தற்கரிய பொருளாயிற்று. அப்போது வீதியிலே ஓடியவை துவிச்சக்கர வண்டிகளும், மண்ணெண்ணெயில் ஓடும்படி பழக்கப்பட்ட மோட்டார் வண்டிகளுமே. ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய ஆங்கில வண்டிகள் அக்காலத்தில் மறுபிறப்பு எடுத்தன. சாரதி சிறு போத்தலொன்றிற் பெற்றோலைப் பொன்போற் பேணி வைத்திருப்பார். புறப்படும்போது சில துளிகளைக் காபரேற்றரின் வாயிலே பீய்ச்சி இயந்திரத்தை எழுப்பி, அது சூடேறிய பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். வண்டி புகைகக்கி, தட்டித் தட்டி, ஆயினும் சென்றது. நோயாளரையும் கருவுற்ற பெண்களையும் வைத்தியசாலைக்குச் சேர்த்தது.

அது ஏன் இயன்றது என்பதை ஆராய்ந்தால் இன்றைய கேள்விக்குப் பாதி விடை கிடைக்கும். மண்ணெண்ணெய் பெற்றோலைவிட எளிதில் ஆவியாகாது. தட்டுதலைத் தாங்கும் தன்மையும் அதற்கு மிகக் குறைவு. ஆனால் 1950 ஆம் ஆண்டுகளின் வண்டிகள் தரங்குறைந்த பெற்றோலை எண்ணிச் செய்யப்பட்டவை. சிலிண்டருக்குள் அவை கலவையை நெருக்கும் அளவும் குறைவு. சான்றாக, 1952 ஆம் ஆண்டின் ஒஸ்ரின் ஏ-40 சமர்செற் வண்டி, 1200 கனசென்ரிமீற்றர் இயந்திரத்திலிருந்து 42 குதிரைவலுவையே பெற்றது. வலிமையைக் குறைத்துக் கேட்டமையால் அது பிழைத்தது. பிரித்தானியாவிலும் இவ்வுபாயம் புதிதன்று. பெர்கசன் கம்பனி 1949 ஆம் ஆண்டு முதல் விற்ற உழவியந்திர வகையொன்று பெற்றோலிற் புறப்பட்டு, மண்ணெண்ணெயை ஒத்த மலிவான எண்ணெய்க்கு மாறும்படி அமைந்திருந்தது. தீவுகளில் மீன்பிடிப் படகுகளின் வெளியிணைப்பு இயந்திரங்கள் இன்றும் பெற்றோலிற் புறப்பட்டு மண்ணெண்ணெயில் ஓடுகின்றன. 2022 ஆம் ஆண்டு ஓகஸ்ற் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியபோது அப்படகுகளிற் பல கரையிற் கட்டுண்டு கிடந்தமை பலருக்கும் நினைவிருக்கும்.

மண்ணெண்ணெய் இயந்திரத்தை மெல்ல மெல்ல நோயாளியாக்கியது. எரியாத எண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி, மசகெண்ணெயை நீராக்கியது. காபன் வால்வுகளிற் படிந்தது. இவற்றைக் கழுவித் துடைத்து மீட்கலாம். கராஜ்களில் அவ்வாறே மீட்டனர். நைதரசு ஒட்சைட்டு செய்யும் கேடு இவ்வளவு பொறுமையுடையதன்று. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் இயந்திரம் மூன்றாவது வினாடியில் இரும்புக் குவியலாகிவிடலாம். மண்ணெண்ணெயை ஊற்றியவருக்கு வேறு வழியிருக்கவில்லை. வாயுவைப் பூட்ட விரும்புபவருக்கோ, பூட்டாமலிருக்கும் வழி எப்போதும் திறந்தே இருக்கின்றது.

இனி ஒருவர் தம் வண்டிக்கு இதனைப் பூட்டவே எண்ணுகின்றார் என்று கொள்வோம். வண்டி பேணிக் காத்த ஒரு மொறிஸ் மைனராகவும் இருக்கலாம். யப்பானியச் சிறுவண்டியாகவும் இருக்கலாம். மொறிஸ் மைனர் ஆயிரம் என்னும் வகை 1956 ஆம் ஆண்டில் 948 கனசென்ரிமீற்றர் இயந்திரத்தோடும் 37 குதிரைவலுவோடும் வெளிவந்தது. அதன் வளைதண்டு மூன்று தாங்கிகளிலே சுழல்வது. அதற்கு 25 குதிரைவலுவை வெளியிலிருந்து சேர்ப்பது, முப்பத்தேழு மூடை சுமந்து பழகிய மாட்டின் வண்டியில் மேலும் இருபத்தைந்து மூடையை ஏற்றுவது போலாம். பிஸ்டன்கள், வளையங்கள், வளைதண்டு, கிளச்சு, பின்னச்சு ஆகிய ஒவ்வொன்றும் அச்சுமையைத் தாங்க வேண்டும். எழுபது ஆண்டுப் பழமை வாய்ந்த உலோகம் தாங்குமென்று எவரும் பிணை நிற்க இயலாது. புதிய யப்பானிய வண்டியின் இயந்திரம் இதனிலும் உறுதியானதே. ஆனால் அதன் பெற்றோலை அளந்து ஊட்டும் மின்னணு மூளை, தான் அறியாத ஒட்சிசன் இடையிலே புகுவதை எதிர்பார்ப்பதில்லை. அதனைத் திருத்தியமைக்கக் கருவியும் கைத்திறனும் வேண்டும். பிளக்குகளைக் குளிர்ந்த வகைக்கு மாற்ற வேண்டும். தீப்பொறி விழும் நேரத்தைச் சிறிது பின்தள்ள வேண்டும். முழு விசையில் ஓடும்போதன்றி வாயு திறக்காதபடி விசைகளைப் பொருத்த வேண்டும். இயந்திரம் மெதுவாகச் சுழலும்போது வாயு திறந்துவிட்டால், உட்புகு குழாயிலேயே வெடிப்பு நிகழ்ந்து காபரேற்றரைச் சிதறடித்தல் உண்டு.

இவ்வளவும் செய்து பெறும் பயன் எவ்வளவு நேரத்துக்கு? பத்து இறாத்தல் கொள்ளும் போத்தல், நூறு குதிரைவலுவைச் சேர்க்கும் வீதத்திற் பாய்ந்தால் இரண்டு நிமிடத்துக்குள் வெறுமையாகிவிடும். இருபத்தைந்து குதிரைவலு என்னும் சிறு அளவிற்கூட ஏழு நிமிடமளவில் தீர்ந்துவிடும். அதன்பின் அதனை மீண்டும் நிரப்ப வேண்டும். வைத்தியசாலையிலுள்ள வாயு நோயாளருக்கு உரியது; அதன்மேற் கண்வைப்பது குற்றம் மட்டுமன்று, கொடுமையும் ஆகும். மேல்நாடுகளில் வண்டிகளுக்கென விற்கும் வாயுவில், எவரும் அதனை முகர்ந்து மயங்காதிருக்கும்பொருட்டுக் கந்தகவீரொட்சைட்டைச் சிறிது கலக்கின்றனர். அம்முன்னெச்சரிக்கை வீணன்று. இதனை மீண்டும் மீண்டும் முகர்வோரின் உடலில் பி-12 என்னும் உயிர்ச்சத்து செயலிழந்து, நரம்புகள் கெட்டு, கால்கள் தளர்ந்துபோதல் மருத்துவர் நன்கறிந்த செய்தி.

தீவுப்பகுதிக்கென்றே உரிய இடையூறு ஒன்று உண்டு. அது வெயில். நைதரசு ஒட்சைட்டு போத்தலுக்குள் அழுக்கத்தினால் திரவமாயிருக்கின்றது. இருபது பாகை வெப்பத்தில் அவ்வழுக்கம் வளிமண்டல அழுக்கத்தைப்போல ஏறக்குறைய ஐம்பது மடங்கு. 36.4 பாகையை அடைந்ததும் எவ்வளவு நெருக்கினும் அது திரவமாயிருக்க மறுத்துவிடுகின்றது. அப்போது அழுக்கம் எழுபது மடங்கைக் கடந்திருக்கும். அதற்கு மேல் வெப்பம் ஏற ஏற, நிறைந்த போத்தலில் அழுக்கம் மிக விரைந்து உயரும். குளிர்நாட்டினர் இவ்வாயுவைப் பயன்படுத்தும்போது போத்தலைச் சூடாக்கும் போர்வை தேடுகின்றனர். சித்திரை மாதத்துப் பகலிற் குறிகட்டுவான் துறையருகே நிழலின்றிக் கண்ணாடிகளை ஏற்றி நிறுத்திய வண்டிக்குள்ளே வெப்பம் ஐம்பது பாகையையும் தாண்டும். வண்டிக்காரர் நயினாதீவு நாகபூசணி அம்மனைத் தரிசித்து, அன்னதானமும் உண்டு, அடுத்த படகிலே திரும்பிவர மூன்று நான்கு மணி நேரமாகும். அந்நேரமெல்லாம் அப்போத்தல் வண்டியினுட் கிடந்து வேகின்றது. அழுக்கம் மிகுந்தால் உடைந்து வழிவிடும் தகடொன்று போத்தலின் கழுத்தில் உண்டு. அத்தகடு உடைந்தால் வாயு முழுவதும் வண்டிக்குள் நிறைந்து, கதவைத் திறந்து உள்ளே ஏறுபவருக்குச் சுவாசிக்கும் காற்று இல்லாமற் செய்துவிடலாம். தகடு பழுதுபட்டிருந்தால் வரும் விளைவு இதனிலும் பெரிது. வாயுவை வெளியே கொண்டுசெல்லும் குழாயொன்றைப் பொருத்தலாமென்பது உண்மையே. அக்குழாயைப் பொருத்தாமலே போத்தலைப் பின்னிருக்கைக்கு அடியில் தள்ளிவைக்கும் வழக்கமும் உலகில் உண்டென்பதும் உண்மையே.

விரைவு வேண்டுமென்பதற்கு இத்தீவுகளிற் கூறத்தக்க நேர்மையான காரணம் ஒன்றுதான். நெடுந்தீவிலிருந்து ஒரு மணி நேரமளவு படகிலே வந்திறங்கும் நோயாளியை, முப்பது கிலோமீற்றர் அளவிலுள்ள யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்லும் வண்டி விரைய வேண்டாமா என்று கேட்கலாம். அக்கேள்விக்கு மதிப்பளித்தே விடை கூறவேண்டும். இந்நாட்டிலே மோட்டார்க் காருக்கு ஊருக்குள் மணிக்கு 50 கிலோமீற்றரும் வெளியே 70 கிலோமீற்றரும் எல்லை. சாதாரணச் சிறுவண்டி எழுபதை எவ்வித வாயுவுமின்றியே எட்டிவிடும். நைதரசு ஒட்சைட்டு அந்த எழுபதைச் சில வினாடிகள் முன்னதாக எட்டச்செய்யும், அவ்வளவே. சந்தியிலே மாடு படுத்திருந்தால் அவ்வினாடிகளும் போயின. மறுபுறத்தில், நள்ளிரவிலே இருபுறமும் கடலாயுள்ள தாம்போதியின் நடுவிற் பிஸ்டன் உருகி வண்டி நின்றுவிட்டால், அந்நோயாளிக்கு என்ன ஆகும்? மெதுவாகச் செல்லும் வண்டி துறைக்கும் வைத்தியசாலைக்கும் இடையே ஒருமுறையும் நில்லாமற் சேருமாயின், அதுவே அவருக்கு விரைவான வண்டி.

நயினாதீவுத் திருவிழாக் காலத்தில் அதே தாம்போதியின் ஓரத்திற் பால்குடம் ஏந்தியும் பிள்ளைகளைத் தோளிற் சுமந்தும் அடியார்கள் நடந்து செல்வர். பழைய மொறிஸ் மைனரின் நான்கு சில்லுகளிலும் இருப்பவை உருளைப் பிறேக்குகள். அவை 37 குதிரைவலுவுக்கு அளந்து செய்யப்பட்டவை. வலிமையைக் கூட்டிய பின்னர் அதனை நிறுத்தும் திறனும் கூடவேண்டுமே. அதனைக் கூட்டப் பொத்தான் எதுவும் கிடையாது.

வண்டியில் இத்தகைய மாற்றத்தைச் செய்து காப்புறுதிக் கம்பனிக்கு மறைத்தவர், விபத்து நேர்ந்தபின் இழப்பீடு கேட்கும்போது அம்மறைப்புக்கு விடைகூற வேண்டிவரும். ஓட்டப்பந்தயமே விருப்பமாயின், கட்டுக்குறுந்தை போன்ற மூடிய களங்களில், தீயணைப்போரும் வைத்தியரும் அருகே நிற்க ஓடுவதற்கு வழி இருக்கின்றது. வாயுவின் உண்மையான இடம் அதுவே. நேரான வழி, குறித்த தூரம், எதிரே எவரும் வாராத உறுதி ஆகிய மூன்றும் அங்கே உண்டு. பூட்டத்தான் வேண்டுமென்பவர் முதலிற் சிலிண்டர்களின் நெருக்கத்தை அளப்பித்துப் பார்க்கட்டும். நான்கு சிலிண்டர்களில் ஒன்று மற்றவற்றினும் குறைந்து காட்டினால், அவ்வியந்திரம் வாயுவை அன்று, வைத்தியரையே வேண்டுகின்றது.

தீவுப்பகுதி வண்டிகளைத் திருத்தும் கராஜ் எதிலும் வண்டியை உயர்த்தி அடிப்பாகத்தை நோக்கினால் வேறொரு செய்தி தெரியும். கடற்காற்றின் உப்பு, தளத்தகட்டையும் பிறேக் எண்ணெய்க் குழாய்களையும் ஓயாது தின்றுகொண்டிருக்கின்றது. மேலே வண்ணம் பளபளக்கும் வண்டியின் அடியிலே திருப்புளியாற் குத்தினால் துளைவிழும் இடங்கள் உண்டு. ஐம்பது வளிமண்டல அழுக்கத்தைக் கொண்ட போத்தலை இறுக்கி நிறுத்தும் ஆணிகள் அந்தத் தகட்டிலேதான் பதிய வேண்டும். போத்தலுக்கும் குழாய்களுக்கும் ஒதுக்கிய பணத்தின் ஒரு பகுதி அந்தத் தகட்டை வெட்டிப் புதிதாய் ஒட்டவும், பிறேக் குழாய்களை மாற்றவும், நான்கு நல்ல ரயர்கள் வாங்கவும் போதுமானதாயிருக்கும். மிகுதியில் றேடியேற்றரையும் கழுவுவித்துக்கொள்ளலாம்.